வய்ஹேரேயின் பவளப்பாறை

மோரேயா தீவில் வய்ஹேரேயும் கணவனும் விடுதியாகவும் நடத்திய வீட்டெதிரே, கடலில் ஊதாநிறப் பவளப்பாறை ஒன்று இருந்தது. பிரான்சுக்குப் போன மகள் நீந்தப் பழகியது அங்கேதான். இப்போது அதைப் பழுப்புக் கடற்பாசி மூடிவிட்டது. மகள் விடுமுறைக்கு வருவதற்குள் அந்த ஊதாவைப் பார்த்துவிட ஏங்கி, வய்ஹேரே தினமும் பாசியைப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க முளைத்தது.

"கடலுக்கே முடி வெட்டுறியாடி?" என்று சிரித்தான் கணவன் தமத்தோவா.

"நீயும் இறங்கிப் பாரு. நம்ம விடுதிக் கழிவுக் குழாய்கிட்டதான் இப்படி மண்டிக் கெடக்கு. அந்தாண்ட ஒண்ணுமில்ல."

முங்கிப் பார்த்து எழுந்தவன் சிரிக்கவில்லை. மறுநாளே குழாயை அடைத்து, கழிவுக்குக் கொல்லையில் குழி வெட்டினான்.

மகள் வந்தபோது பாசி குறைந்திருந்தது. ஊதா திரும்பவில்லை.

"இங்கதானம்மா இருந்துச்சு?" என்றாள், இடுப்பளவு நீரில் நின்று.

"வரும்டி," என்ற வய்ஹேரே, அவளருகே குனிந்து மிச்சப் பாசியைப் பிடுங்கினாள்.