ஆடாத படம்

…கனமானதை எடுத்தால் தோள்பட்டை போகும், லேசானதை எடுத்தால் சித்திரை மாசத்துக் கல்யாணத்தில் பாதியிலேயே சூடாகி நின்றுவிடும், இதில் எது தேவலாம் என்று கேட்டால் ரெண்டுமே சூப்பர் மேடம் என்கிறார் கடைக்காரர், ரெண்டுமே சூப்பர் என்று கேட்பதற்கா பவானி கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இந்த வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள், முதுநகரில் ஏறிய மீன் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில்… கண்ணாடி மேசையின் மேல் இரண்டு கேமராவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, பெரியது கொஞ்சம் முறைப்பாக, சின்னது சமர்த்தாக. இரண்டுமே போட்டோவும் எடுக்கும், வீடியோவும் எடுக்கும். அதைத்தானே இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். உள்ளூரில், திருப்பாதிரிப்புலியூரில் கேமரா கடை இல்லாமலா, இருக்கிறது, ஆனால் அங்கே போய் ஒரு லென்ஸ் மூடி வாங்கினால்கூட அவள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் புருஷன் காதுக்குப் போய்விடும், தேவநாதன் சம்சாரம் வந்தாங்க, என்னமோ விசாரிச்சிட்டுப் போறாங்க என்று. புருஷனும் பெண்டாட்டியுமாகக் கல்யாணம் எடுக்கிறவர்கள் அந்த வட்டாரத்திலேயே அவர்கள்தான், அவள் போட்டோ, அவர் வீடியோ, சமையல்காரர்களுக்குக்கூட இவர்களைத் தெரியும். அதனால்தான் சிதம்பரத்தில் ஒரு வீட்டுக்கு ஆல்பம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பார்த்து போய்ட்டு வா என்றார். பையில் ஆல்பம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, மனுஷன் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பெரியதைக் கையில் எடுத்துக் கொடுத்தார் லூர்துசாமி, கடை வாசலில் அவர் பெயர்தான் பெரிதாக எழுதியிருக்கிறது, பேச்சும் அந்த எழுத்தைப் போலப் பெரிதாகத்தான் இருக்கிறது. "இது கெட்டி மேடம். கை ஆடுனாலும் படம் ஆடாது. உள்ளாற சென்சாரே மெதக்குது. எவ்ளோ நேரம் ஓட்டுனாலும் சூடு ஏறாது." கை ஆடினாலும் படம் ஆடாது… இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தாள். ஆனாலும் அந்தச் சின்னதை எடுத்து மறு கையில் வைத்துக்கொண்டாள், அடடா, குழந்தை மாதிரி உட்காருகிறது, ஆட்காட்டி விரலுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நெம்பு, இந்தப் பக்கம் தள்ளினால் போட்டோ, அந்தப் பக்கம் தள்ளினால் வீடியோ, கல்யாணப் பொண்ணு தலையைத் திருப்பினாலும் ஃபோகஸ் கண்ணை விடாதாம், மேடைக்குப் பின்னால் இப்போது எல்லாரும் வைக்கிற எல்இடி திரையில் கோடு கோடாக விழுமே, அதுவும் விழாதாம். ஒரே ஆள் ரெண்டையும் எடுத்துவிடலாம். அதாவது அவள் எடுத்துவிடலாம். இரண்டையும் வாங்கக் கட்டாது, ஒன்றுதான், பெரியதை வாங்கினால் அவர் தொடர்ந்து மேடையில் நிற்பார், சின்னதை வாங்கினால் அவர் வீட்டில் இருப்பார். இதை இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாக யாரும் வீட்டில் பேசவில்லை. எதைத்தான் பேசினார்கள்? டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், பேசவில்லை. சட்டைப் பொத்தானை முன்கூட்டியே போட்டுத் தலை வழியாக மாட்ட ஆரம்பித்தார், பேசவில்லை. டீ ஜாஸ்தியாயிடுச்சி பவானி, அதான் என்று ஒரு நாள் அவராகவே சிரித்தார், அவளும் சிரித்தாள், அதோடு சரி, டாக்டரிடம் போகலாமா என்று ஒரு வாய் வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆவணியில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கல்யாணம், தாலி கட்டுகிற இடத்தில் படம் வெடவெட என்று ஆடிப்போய் இருந்தது, பெண்ணுடைய மாமா, வாட்டசாட்டமான ஆள், வீட்டுக்கே வந்து, "என்னாங்க இது, தாலி கட்டுறப்ப பூமி அதிர்ச்சியா?" என்றார், நாலு பேர் சிரித்தார்கள், இவர் கூடத்து மூலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், ஸ்கூலில் வாத்தியார் முன்னால் நிற்பது போல. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவள் என்ன சொன்னாள்… கோபத்தில்கூட இல்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டே, இப்பல்லாம் ஒரே ஆளு ரெண்டும் எடுக்குறாங்களாமே என்று. ஊர்ச் செய்தி சொல்வது போலத்தான் சொன்னாள். அவர் ம் என்றார். மறுநாளிலிருந்து கேமராவைத் தோளில் வைக்காமல் முக்காலி ஸ்டாண்டில் மாட்டி எடுக்க ஆரம்பித்தார், அதான் இப்ப பேஷன் என்றார். பேஷனாம். அவளும் நம்பினாள், நம்புவது வசதியாக இருந்தது, வேறென்ன.

ஆனால் சின்னதைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்விடலாம் என்று நினைக்கும்போதே அந்த வளைகாப்பு ஞாபகம் வந்து முன்னால் நிற்கிறது. வாடகைக்கு இதே மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவருக்குக் காய்ச்சல் என்று அவரே சொன்னதால் — காய்ச்சலா அது, தொட்டுப் பார்த்தாளா? — அவள் மட்டும் போனாள். போட்டோ எடு, நெம்பைத் தள்ளு, வீடியோவை அமுக்கு, திரும்ப அமுக்கு, போட்டோ எடு. எங்கேயோ ஒரு அமுக்கல் கூடிவிட்டது. அப்புறம் எல்லாமே தலைகீழ், ஓடுகிறது என்று நினைத்து நிறுத்தியிருக்கிறாள், நிறுத்திவிட்டேன் என்று நினைத்து ஓடவிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் தரை, செருப்பு, வாழைத்தாரின் அடிக்காம்பு, யாருடைய முழங்காலோ, எவளோ ஒருத்தி புளி சாதம் தீர்ந்துபோச்சா என்று கேட்கிறாள், எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, வளையல் போடுகிற இடம் மட்டும் ஒன்றுகூட இல்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், எத்தனை நாளைக்கு அப்புறம். "நானும் மொதல்ல ஒரு கருமாதிய இப்புடித்தான் எடுத்தேன், போ." போட்டோக்களையே வரிசையாக ஓடவிட்டு எப்படியோ ஒப்பேற்றிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத் தெரிந்தது, ஆனால் அதை அவரிடம் சொன்னாளா, சொல்லவில்லை, வாடகைக் கேமராவைத்தான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

"வேணும்னே கையை ஆட்டி எடுத்துப் பாருங்க மேடம், அப்பதான் இதோட அருமை தெரியும்" என்றார் லூர்துசாமி. கடை வாசலைப் பார்த்துப் பெரியதைத் தூக்கிப் பிடித்தாள், எதிரே பூக்கடை, அதற்கு மேல் கோபுரத்தின் ஒரு துண்டு, ரெண்டு சைக்கிள். ஆட்டினாள். எப்படி ஆட்டுவது? மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? அவருடைய கை எப்படி ஆடும்? மணிக்கட்டிலிருந்தா, விரல்களிலா, வலது கை மட்டும்தானா? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. டம்ளர் இடம் மாறியது தெரியும், பொத்தான் தெரியும், அந்தக் கையை மட்டும் பார்த்ததில்லை, பார்க்க நேர்ந்தபோதெல்லாம் அடுப்பைப் பார்த்தாள், செல்போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அவர் சங்கடப்படுவாரே என்று. அவர் சங்கடப்படுவாரே என்றுதானா? பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ரெண்டு பேர் பக்கத்தில் நின்று ஏதோ மைக் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி அவள் கையை ஆட்டுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள், சட்டென்று கேமராவை இறக்கிவிட்டாள் பவானி, கட்டின புருஷனை நடுக்கடையில் நின்று கிண்டல் பண்ணியதைப் போல இருந்தது.

லூர்துசாமிக்கு அவள் முகம் மாறியது வேறு மாதிரி தோன்றியிருக்க வேண்டும். "நம்பிக்கை வரலியா? இருங்க, போன வாரம் கடலூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு, கல்யாண வீடியோ எடுக்குறவரு, இதே ரெண்டையும்தான் கேட்டாரு. அவுரு எடுத்துப் பாத்தது இதுலயேதான் கெடக்குது, அழிக்கல. பாருங்க, செவுத்துல அடிச்ச ஆணி மாதிரி நிக்கும்" என்று பெரியதில் ஒன்றை ஓடவிட்டார். அதே வாசல், அதே பூக்கடை, துளி அசைவில்லை, பூக்காரம்மா மட்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். பிறகு குரல் வந்தது.

"நல்லாத்தாங்க நிக்குது. ஆனா எனக்கு இல்ல, எங்க வூட்டம்மாவுக்கு. அவுங்களுக்கு வெரலு சின்னது. அந்த இன்னொண்ணுல பட்டன் எட்டுமா? போட்டோவுலேர்ந்து வீடியோவுக்கு ஒரே தள்ளுல போவணும். தேடிக்கிட்டு நின்னாங்கன்னா அங்க தாலி கட்டி முடிச்சிடுவாங்க."

போன வாரம்… பூசத்துக்கு வடலூர் போயிட்டு வரேன் என்று கிளம்பினாரே, வந்ததும் கூட்டமா என்று கேட்டதற்கு, கூட்டம்தான் என்றாரே. ஆக, இந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால், இதே இடத்தில் நின்றுகொண்டு… படம் நிற்பதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார், நல்லாத்தாங்க நிக்குது என்று சொல்லியும் இருக்கிறார், அப்படியும் எனக்கு இல்லை என்கிறார். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னதை அவர் சாப்பாட்டோடு விழுங்கி இத்தனை நாளும் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். ஐயோ, நான் உங்களுக்காகத்தானே வந்தேன் என்று அந்தச் சின்னத் திரைக்குள் கையை விட்டு உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவருக்காகத்தான் வந்தாளா? முதலில் எதைக் கையில் எடுத்துக் கொஞ்சினாள்?

"இன்னொரு வாட்டி போடுங்க." போட்டார். இந்தத் தடவை புருஷன் குரலுக்கு அடியில் ஏதோ கேட்டது. டக் டக் டக் டக் என்று, பல்லி மாதிரி, ஆனால் விடாமல், ஒரே சீராக. இது என்னாங்க சத்தம் என்றாள். கேமராவில் கோளாறு என்று அவள் நினைத்துவிட்டதாக லூர்துசாமி பதறினார், "ஃபால்ட்டுலாம் இல்ல மேடம், அது வார் மாட்டுற வளையம். கை ஆடுறப்ப பாடியில தட்டும். இப்ப நீங்க ஆட்டுனீங்களே, உங்களுதுலயும் இருக்கும்." அவள் எடுத்ததைப் போட்டார். கிலுகிலுப்பை ஆட்டியது போல ஒரு கலகல, கொஞ்சம் ஓய்ந்து மறுபடியும் கலகல, அவ்வளவுதான். அவருடையது அப்படி இல்லை, பேசும்போதும் அடிக்கிறது, பேச்சை நிறுத்திக் கேட்கும்போதும் அடிக்கிறது, தாலி கட்டி முடிச்சிடுவாங்க என்று லேசாகச் சிரிக்கிறாரே, அப்போதும்.

அந்த வளையம் அவருடைய பழைய கேமராவிலும் இருக்கிறதே… அப்படியானால் தோளில் வைத்து எடுத்த ஒவ்வொரு கல்யாணத்திலும் இந்தச் சத்தம் விழுந்திருக்குமே. வெட்டி ஒட்டுவது யார், பவானிதான், அவர் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவள் செய்கிற முதல் வேலை சத்தத்தை மொத்தமாக அணைப்பது, மண்டபத்து இரைச்சல் யாருக்கு வேண்டும், நல்லதாக ஒரு கெட்டிமேளம் வைத்திருக்கிறாள், கடலூரில் யார் தாலி கட்டினாலும் அவர்கள் வீடியோவில் அதே கெட்டிமேளம்தான் கொட்டும், மற்ற இடத்துக்கெல்லாம் பாட்டு. ஒரு நாளாவது காதில் போட்டுக் கேட்டிருந்தால்… பண்ருட்டி மாமா வந்து சத்தம் போடுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே தெரிந்திருக்கும், படம் ஆட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வளையம் ஆட ஆரம்பித்திருக்கும், அவர் அதை வியூஃபைண்டருக்குப் பின்னால் நின்று தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார், இவள் நாலடி தள்ளி மாப்பிள்ளையை முகத்தை நிமிர்த்தச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். ஹார்டு டிஸ்க்கெல்லாம் பீரோவுக்கு மேல்தான் இருக்கிறது, எடுத்துப் போட்டுக் கேட்டால் எந்தக் கல்யாணத்தில் தொடங்கியது என்று கண்டுபிடித்துவிடலாம், யாருடைய கல்யாணமாக இருக்கும், அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அவளிடம் என்ன பேசியிருப்பார், பாயசம் நல்லாயிருக்கு என்று ஏதாவது.

"எதைப் போடட்டும் மேடம்? யாரு கையில இருக்கப்போவுதுன்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி பட்டனுக்கெல்லாம் செட்டிங் போட்டே தந்துடுறேன்." நல்ல மனுஷர், வியாபாரத்துக்காகத்தான் கேட்கிறார், கேட்டுவிட்டு இரண்டு பெட்டிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவுங்கள ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு வாசல் படிக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது, பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். போனை எடுத்துவிட்டாளே தவிர என்ன கேட்பது, எந்தக் கேமரா என்றா, வடலூரில் கூட்டமா என்றா, ஏன் என்கிட்ட சொல்லல என்றா, அதைக் கேட்கிற யோக்கியதை அவளுக்கு எங்கே இருக்கிறது… ரெண்டு ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"என்னா பவானி?"

"எப்பலேர்ந்துங்க?" என்றாள். அதற்கு முன்னால் வைக்கவும் பின்னால் சேர்க்கவும் வேறு ஒன்றும் வரவில்லை, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் அவ்வளவுதான் கேட்டாள். அந்தப் பக்கம் கூடத்து ஃபேன் ஓடுவது கேட்டது, எது எப்பலேர்ந்து என்று அவர் கேட்கவில்லை.