மூன்று குதிரை தூரம்

உதைக்கிற குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவது குதிரையேற்றப் பயிற்சித் திடலின் வழக்கம். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் மூன்று குதிரை தூரம் தள்ளிப் போக வேண்டும். அன்று காலை கிளார்க் தங்கையா ரெஜினாவின் குதிரையைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு ரிப்பனை அவள் முதுகில் கட்டினார்.

“நான் யாரையும் உதைச்சதில்லைங்க.”

“உதைக்கிறவங்க எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க.”

அவர் நீட்டிய படிவத்தில் ரெஜினா கையெழுத்துப் போட்டாள். அவள் தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவள். படிவம் என்று வந்துவிட்டால் மறுக்கத் தெரியாது.

ரிப்பன் அவிழவில்லை. பஸ்ஸின் பின்பாதி முழுவதும் அவளுக்கு விடப்பட்டது. வீட்டில் தங்கை ஸ்டெல்லா கொத்தனாரை வரவழைத்துச் சாப்பாட்டு அறையை நீட்டிக் கட்டினாள். அந்தக் கோடியிலிருந்து ரசம் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும்.

“போதுமாக்கா?” என்று ஸ்டெல்லா அங்கிருந்து கத்துவாள்.

“போதும்.”

திடலில் மட்டும் எல்லோருக்கும் இடையே இடைவெளி இருந்தது. அதனால் தினமும் அங்கே போனாள். குதிரையில் வேலியோரமாகச் சுற்றினாள். திடலும் தினமும் கொஞ்சம் நீண்டுகொண்டே வந்தது. அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை.

ஆறாவது மாதம், பனிமூட்டத்திலிருந்து ஒருவர் எதிரே வந்தார். பொன்னுரங்கம். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரெதிரே வருபவர்கள் இடது தோளுக்கு இடது தோளாகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் அவளைக் கண்டால் திடலின் நடுவுக்கே ஓடிவிடுவார்கள். அவர் விலகவில்லை. கால் வைக்கும் அங்கவடிகள் உரசி ஒலித்தன.

“ரிப்பன் தெரியலைங்களா?”

“தெரியுது. நல்லா ஒதுங்கித்தான் ஓட்டுறீங்க. அடுத்த சுத்துல பார்ப்போம்.”

அடுத்த சந்திப்புக்கு மூன்று மணி நேரம் ஆனது. மறுநாள், ஐந்து மணி நேரம். ரெஜினா சொல்லவேண்டியதை வழியெல்லாம் யோசித்து வைத்துக்கொள்வாள். கடக்கும்போது, “பனி ஜாஸ்திங்க” என்பாள். அவர், “ஆமாங்க” என்பார். அதோடு முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அவருடைய குதிரை மட்டும் வந்தது. சேணம் காலி.

யாராவது விழுந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். எல்லோரும் நின்றார்கள்.

“யாராச்சும் போய்ப் பாருங்களேன்,” என்றாள் ரெஜினா.

“அந்தக் குதிரை நின்னாத்தாங்க யாரும் நகரலாம்,” என்றார் தங்கையா, தூரத்திலிருந்து.

குதிரை நிற்கவில்லை. அமைதியாக நடந்துகொண்டே இருந்தது. நின்றவர்கள் மேல் பனி இறங்கியது. ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

ரெஜினா இறங்கி, குதிரையைத் திடலிலேயே விட்டாள். மணலில் நடந்தாள். மதியம் கழிந்து, வெயில் சாயும் நேரத்தில் அவரைக் கண்டாள். கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

“நீங்க மட்டுந்தான் வந்தீங்களா?”

“மத்தவங்க நிக்கிறாங்க.”

“முறைதான்,” என்றார்.

அவள் கை கொடுத்தாள். அவர் பிடித்து எழுந்தார். கை சூடாக இருந்தது. அவ்வளவு கனம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. திடலின் வாசல் எந்தப் பக்கமும் தெரியவில்லை. நடந்தார்கள்.

“உங்க பேரு என்னங்க?” என்று கேட்டார்.

ஆறு மாதமாக யாரும் கேட்காத பேர்; எட்டு அடி போன பிறகுதான் அவளால் சொல்ல முடிந்தது.