சுண்ணாம்புக்கு அடங்காத காக்கை

1

இந்தக் கதை ஒரு பொய்யில்தான் தொடங்கியது. கண்ணையனிடம் வயசு கேட்டேன், எழுதுவதற்காக. ஐம்பது என்றார். உண்மையில் அறுபத்து நாலு. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களே என்று மேஸ்திரியிடம் சொல்லிப் பழகிய பொய்.

அவர் ஏணியில் ஏறிச் சுவருக்கு வெள்ளையடிப்பவர். நான் அவருக்குச் சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்தவன். எழுத்து எனக்கு நாற்பத்தாறு வயசில்தான் வந்தது. வாக்கியம் எங்காவது பாதியில் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'புதுச்சேரிக் கடலின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி...'

வேண்டாம். கதிரவனை எங்களுக்கு முதுகில்தான் தெரியும்.

2

வெள்ளையடிக்குமுன் சுவரைச் சுரண்டுவோம். சுரண்டி முடித்ததும் மேஸ்திரி சக்கரபாணி டீ குடிக்கப் போவார். அந்த நேரத்தில் கண்ணையன் அடுப்புக்கரியால் சுவரில் படம் போடுவார். காலையில் வழியில் பார்த்த ஆட்கள், மாடு, சைக்கிள். மேஸ்திரி திரும்புவதற்குள் அவரே மேலே சுண்ணாம்பு அடித்து மூடிவிடுவார். முப்பது வருஷம் இப்படி. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை, என்னைத் தவிர.

3

1958, மார்கழி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்துப்போனவரின் மனைவி ராஜாம்பாள். அவர் வீட்டுக் கூடம். அன்றைக்குக் கரி தீர்ந்துவிட்டது. கதவு நிலைக்குக் கரையான் வராமல் பூச வைத்திருந்த தார் பக்கத்தில் இருந்தது. குச்சியில் தொட்டு, மீன்காரி அஞ்சலாட்சியை வரைந்தார். பேரம் பேசுகிறாள், பின்னால் ஒரு காக்கை கூடையிலிருந்து மீனை இழுக்கிறது.

இரண்டு பூச்சு அடித்தோம். கரி சுண்ணாம்புக்கு அடங்கும், தார் அடங்காது. மூன்றாம் நாள் பழுப்பாக ஊறிக்கொண்டு காக்கை வெளியே வந்தது. நாலாம் நாள் அஞ்சலாட்சி.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். முப்பது வருஷம் வெள்ளையடித்தவருக்கு இது தெரியாதா? கேட்டேன். "கரி தீந்துபோச்சுடா, அவ்ளோதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.)

4

ராஜாம்பாள் வீட்டிலிருந்து வேலையாட்கள் எல்லாரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"எவன் கை இது?" மேஸ்திரி கத்தினார். "சொல்லிடுங்க. இன்னியோட அவனுக்கு வேலை கெடையாது."

'கண்ணையன் நெஞ்சை நிமிர்த்தி...' என்று எழுதி அடித்துவிட்டேன். நிமிர்த்தவில்லை. அறுபதைத் தாண்டியவனை வேறு எந்த மேஸ்திரி சேர்ப்பான்? வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

தெருவில் அஞ்சலாட்சியின் குரல் கேட்டது. ராஜாம்பாள் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"ஐய, நானு!" என்றாள் அஞ்சலாட்சி. கிட்டே போய்ப் பார்த்தாள். "எம் மூக்கு இம்மாம் பெருசாவா இருக்கு? எந்தக் கட்டையில போறவன் போட்டது?"

"இதவிடப் பெருசு. நாந்தான் கொறைச்சிப் போட்டேன்" என்றார் கண்ணையன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சுவர் மாதிரி வெளுத்துவிட்டது.

ராஜாம்பாள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மேஸ்திரி, அந்தச் செவுத்துல கை வெக்காதீங்க. முசே கண்ணையன், எதிர்ச் செவுரு சும்மாதானே கெடக்கு?"

"முசேவாம்! வெள்ளக்காரத் தொரைய கூப்புடற மாதிரி!" என்று முனகிக்கொண்டு மேஸ்திரி வெளியே போனார். கண்ணையன் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

5

அந்த வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். தங்கள் வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். மூன்று வருஷத்தில் பதினோரு வீடு. சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் பலகையிலும் போடச் சொன்னார்கள். இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, ஒரு மண்டபம் முழுக்க அவர் படங்கள்.

முடிவுக்கு வருவோம். ஒன்று: பாரிசிலிருந்து ஒருவர் வந்து... வரவில்லை. இரண்டு: மாலையும் கழுத்துமாக அவர் அங்கேயே கண்ணை மூடி... அப்படி முடித்தால் படிக்கிறவர்கள் அழுவார்கள். படித்துக் காட்டினால் கண்ணையன் என்னை உதைப்பார்.

நடப்பது இவ்வளவுதான். முன்வரிசையில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். காலை நீட்டிக்கொண்டிருக்கிறார். படங்களைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்க்கிறார்.

இதற்கு மேல் அவரை எழுப்பி வேலை வாங்க எனக்கு மனசு வரவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அவரை ஏணியில் மட்டும் ஏற்றாதீர்கள்.