கன்னம் உப்பியதற்கு நிறுத்திய மாத்திரை

மகளின் வலது கட்டைவிரல் லேசாக அசைந்தாலே தையல்காரி தைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள். போன மாதம் அப்படித்தானே ஆரம்பித்தது! பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முதலில் அந்த விரல் துள்ளியது, பிறகு கை, பிறகு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்தால் மூளையில் சின்னக் கட்டி, நடுவே ஒரு புள்ளி.

"அந்தப் புள்ளிதாம்மா புழுவோட தலை," என்றார் டாக்டரம்மா. "தண்ணி, கழுவாத காய், கை... எதுல வேணா முட்டை உள்ள போயிருக்கும். இது வலிப்பு மாத்திரை, இது புழு மாத்திரை, இது வீக்க மாத்திரை. புழு சாகும்போது சுத்தி வீங்கும், அதை அடக்கத்தான் இது. எதையும் நீங்களா நிறுத்தாதீங்க."

தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் ஒரே வாரத்தில் பிள்ளைக்குச் சட்டியை வழித்துத் தின்கிற பசி எடுத்தது. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிப் போயின.

"என்னடி, பூசணிக்காய் ஒண்ணு நடந்து வருது!" என்று அத்தைக்காரி சிரிக்க, தையல்காரிக்குச் சுருக்கென்றது. வீக்க மாத்திரையே இப்படி வீங்க வைக்கிறதே, முகமே இப்படியென்றால் மூளை என்ன கதியோ? யாரையும் கேட்காமல் அதை மட்டும் நிறுத்தினாள். புழு மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தாள், சனியன் சீக்கிரம் செத்துத் தொலையட்டும் என்று.

இரண்டு நாள்தான். "தலை வெடிக்குதும்மா" என்று பிள்ளை குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். விரல் துள்ளியது. இந்த முறை வலிப்பு நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரை எதையாவது விட்டீங்களா?"

"ஒண்ணு கூட விடல டாக்டர், இவ அதுல கில்லாடி," என்றான் புருஷன். அவனுக்கு எங்கே தெரியும்?

தையல்காரி பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சொன்னால் இவன் மூஞ்சியில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் பிள்ளை?

"நான்தான்... வீக்க மாத்திரைய நிறுத்திட்டேன்."

திட்டுவார் என்று பார்த்தால், டாக்டரம்மா நர்ஸ் பக்கம் திரும்பி, "வீக்கத்த அடக்குற ஊசிய உடனே போடு!" என்று ஓடினார். புருஷன் அவளைத் திரும்பிப் பார்க்காமல் டாக்டரம்மா பின்னாலேயே போனான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் பிள்ளை கண் திறந்தாள். தையல்காரி அந்த விரலையே பார்த்திருந்தாள். அது அசைந்தது.

"சிஸ்டர்!"

"கத்தாதம்மா, நாந்தான் ஆட்டுனேன். சொன்னா கேக்குதான்னு பாத்தேன்."

"இன்னொரு தடவ ஆட்டுடி."

ஆட்டினாள்.

"இப்ப நிறுத்து."

விரல் நின்றது. தையல்காரி அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.