எல்லாக் கேள்விக்கும் ஆம்

கூட்டத்துக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. கருத்துக்கணிப்பை நடத்திய டாக்னியிடம் அறுபது உறுப்பு மாற்று மையங்களின் பதில்கள் இருந்தன. அறுபதில் ஒன்று குறைந்தாலும் அது செல்லாது என்று, நாளை முடிவுகளைக் கேட்கப்போகும் குழு முன்பே சொல்லியிருந்தது. அப்புறம் எட்டு மாத வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அறுபதாவது பதில் உதைத்தது. ஓக்லஹோமாவில் இருக்கும் ஒரு மையம். எழுபது வயதைத் தாண்டியவரின் சிறுநீரகத்தை ஏற்பீர்களா? ஆம். மறுத்துவிடுவீர்களா? ஆம். நாற்பது கேள்விக்கும் ஆம்.

தொலைபேசியில் பேசுவதென்றாலே டாக்னிக்குக் கூச்சம். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ரோஷெல் எடுத்தாள்.

"மினியாபொலிஸ்லேருந்து பேசறேன். அந்த சர்வே விஷயமா..."

"ஐயையோ, எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுட்டேனா?" ரோஷெல் விழுந்து விழுந்து சிரித்தாள். "பழக்கதோஷம், கண்ணு. எங்கேயாவது கிட்னி இருக்குன்னு தகவல் வந்தா மொதல்ல ஆமான்னு அழுத்திடுவோம். இல்லேன்னா வரிசையில எடம் போயிடும். வேணுமா வேணாமான்னு டாக்டர் அப்புறமா மண்டையை உடைச்சுக்குவாரு."

"இப்போ சரியா சொல்றீங்களா? நாப்பது கேள்விதான்."

"தாராளமா கேளு." பின்னால் மணி அடித்தது. "இரு, நெப்ராஸ்காலேருந்து ஒரு கிட்னி. ஆமா! ஆமா! கண்ணு, நாளன்னிக்குக் கூப்பிடேன்."

இணைப்பு அறுந்தது. அதன் பிறகு மூன்று முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் கூட்டத்துக்குப் போகும் வழியில், லிஃப்டில், அவளுடைய மேலாளர் மார்வின் கேட்டார். "அறுபதும் சுத்தமா இருக்கில்ல?"

"ஆமா" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. ரோஷெலின் வியாதி தொற்றிவிட்டது.

உள்ளே குழுவினர் ஒன்பது பேர் டோனட் தின்றுகொண்டிருந்தார்கள். மார்வின் எழுந்தார். "முழுசா அறுபது மையம்! இந்தப் பொண்ணு வாயே தெறக்காது, ஆனா வேலையைப் பாருங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. டாக்னியின் காது சிவந்தது. இந்த முறை தாளில் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

"மார்வின், தப்பா சொல்லிட்டேன்" என்றாள். "அம்பத்தொம்பதுதான்."