சரியாத பந்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு தோள்பட்டையிலிருந்து கிடைத்தது. நான் ஒஹையோவின் லைமா நகரில் பிசியோதெரபிஸ்ட். இருபத்திரண்டு வருடங்களாகப் பிறர் கைகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறேன். வலிக்கும்போது மனிதர்கள் பேசுவார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவர் வெர்ன் டக்கெட். (பெயரை மாற்றியிருக்கிறேன். புதுப் பெயரை அவரேதான் தேர்ந்தெடுத்தார். “கொஞ்சம் நல்லா விளையாடுனவன் பேர் மாதிரி இருக்கட்டும்” என்றார்.)

வெர்ன் பேஸ்பாலில் மாற்றுப் பந்துவீச்சாளர். முதலில் வீசியவர் களைத்த பிறகோ, ஆட்டத்தைக் கெடுத்த பிறகோ கூப்பிடப்படுகிறவர். பதினான்கு வருடம், பதினோரு ஊர். பெரிய லீகில் மட்டும் மொத்தம் பத்தொன்பது நாள்.

“அதுல மூணு நாள் மழை” என்றார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சாயும் வெயிலில், தோளில் பையுடன் வெர்ன் டக்கெட் மைதானத்தைக் கடந்து

(நிறுத்திவிட்டேன். அன்று மணி பகல் பன்னிரண்டு. தூறல்.)

பிறகு இப்படி: ஒரு மனிதன் தன் நண்பனுக்கு எதிரியாவதற்கு எத்தனை அடி நடக்க வேண்டும்?

இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “நூத்தம்பது அடி இருக்கும்” என்றார். அத்தோடு அந்த வாக்கியம் செத்தது.

நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை. இந்தியானாவில் ஒரு சின்ன லீக் அணியில் வெர்ன் இருந்தார். ஆட்டத்துக்கு முன் கையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தவரை மேலாளர் கூப்பிட்டார்.

“வெர்ன், உன்னை வேற டீமுக்கு மாத்திட்டாங்க.”

“எந்த ஊரு?”

மேலாளர் எதிரணி உட்கார்ந்திருந்த பக்கம் கையைக் காட்டினார்.

வெர்ன் பையை எடுத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்தார். பார்வையாளர்களில் சிலர் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமல். புது அணியில் அவர் அளவுக்குச் சட்டை இல்லை. முந்தின வாரம் வேலை போன ஒருவருடைய சட்டையைக் கொடுத்தார்கள். அது துவைத்த சட்டைதான் என்று வெர்ன் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

3

பழைய அணியில் அவருடைய அறைத்தோழர் லானி டீக். பந்தைப் பிடிக்கும் கேட்சர். பதினான்கு மாதம் வெர்ன் வீசியதையெல்லாம் பிடித்தவர். வயது முப்பத்தொன்று. அந்தக் கோடையில் மட்டையில் ஒன்றுமே படவில்லை. வெள்ளிக்கிழமை அவரை அணியிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று அணியில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை, முட்டை சாப்பிடும்போது லானி வெர்னிடம் சொன்னாராம்: “உள்ள வந்து கீழ சரியுற பந்து இருக்கே, மட்டையோட நிக்கும்போது அது இப்பல்லாம் எனக்குத் தெரியவே மாட்டேங்குதுடா. யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத.”

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. செவ்வாய் ரகசியம், புதன் இடமாற்றம், வியாழன் இருவரும் நேருக்கு நேர். கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று வெர்னிடமே கேட்டேன். “வசதியா இருக்குன்னா நான் என்ன பண்றது? எனக்கு அது வசதியா இல்ல” என்றார்.)

வியாழக்கிழமை. கடைசிச் சுற்று. வெர்னின் புது அணி ஒரு ஓட்டம் முன்னால். எதிரணியில் இருவர் அவுட், இருவர் ஓடத் தயாராக; இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடியும். வெர்னைக் கூப்பிட்டார்கள். மட்டையோடு வந்தவர் லானி.

லானி நின்ற இடத்திலிருந்து, “சட்டை யாருதுடா?” என்று கேட்டார்.

“செத்தவன் சட்டை” என்றார் வெர்ன்.

புது கேட்சர் விரலால் சைகை காட்டினார்: உள்ளே வந்து கீழே சரியும் பந்து. அது வெர்னின் மிகச் சிறந்த பந்து. வெர்ன் தலையாட்டினார். வீசினார்.

பந்து சரியவில்லை. நெஞ்சு உயரத்தில் நேராகப் போனது. லானி அடித்தது சுவரில் மோதியது. இருவரும் ஓடி வந்துவிட்டார்கள், இரண்டு ஓட்டம். லானியின் அணி ஜெயித்தது. ஆட்டம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை லானியை யாரும் அனுப்பவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெரிய லீகில் ஒரு கேட்சருக்கு விரல் முறிந்தது. லானியைக் கூப்பிட்டார்கள். நான்கு வருடம் அங்கே இருந்தார்.

வெர்னை அடுத்த திங்கட்கிழமை அனுப்பிவிட்டார்கள். சட்டையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

4

“நீங்க எழுதுறவங்கதானே சூ,” என்றார் வெர்ன். (சுகந்தி என்ற என் பெயரில் அவருக்கு முதல் எழுத்து போதும்.) “நான் அதை வேணும்னே போட்டேனா, தவறிப் போச்சான்னு நீங்களே ஒரு முடிவு எழுதிக் குடுங்க. எனக்கு முப்பது வருஷமா தெரியல.”

முடிவு ஒன்று எழுதினேன்: நண்பனுக்காக விட்டுக்கொடுத்தார். வெர்ன் கேட்டுவிட்டு, “அப்ப புது டீமை நான் ஏமாத்தினவன்” என்றார்.

முடிவு இரண்டு: அவர் தோளில் பழைய கிழிசல் ஒன்று ஸ்கேனில் தெரிகிறது. கை ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். (கிழிசல்களில் தேதி எழுதியிருக்காது. இதை நான் மருத்துவமாகவே சொல்கிறேன்.) “அப்ப நான் போட்டதிலேயே உருப்படியான ஒரே பந்தும் தப்பா போட்டதுதானா?” என்றார் வெர்ன்.

மூன்றாவது முடிவில் அவர் மனம்

(இல்லை.)

5

போன ஞாயிற்றுக்கிழமை லானிக்கு அவருடைய பழைய பள்ளியில் பாராட்டு விழா, மதிய விருந்தோடு. பேச வெர்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெர்ன் என்னையும் அழைத்துக்கொண்டு போனார், தோள் பிடித்துக்கொண்டால் பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லி.

வெர்ன் ஒலிபெருக்கி முன் நின்றார். தாளை எடுத்தார், மடித்து வைத்துவிட்டார். “அன்னிக்கு நான் என்னோட ரொம்ப நல்ல பந்தைத்தான் போட்டேன்” என்றார். “இவன் அடிச்சுட்டான். வேற ஒண்ணும் இல்ல.”

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். லானியின் மகள் அழுதாள். எனக்கும் கதை அங்கேயே முடிந்துவிட்டது என்று தோன்றியது, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட.

பிறகு லானி தட்டை ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பெரிய உடம்பு, மெதுவான நடை. எதிரே உட்கார்ந்தார்.

“நீங்கதான் அவன் கையைப் பாக்குறவங்களா?”

“ஆமாம்.”

“பதினாலு மாசம் அவன் பந்தைப் பிடிச்சிருக்கேன். அவனோட நல்ல பந்து எதுன்னு தூக்கத்துலகூடச் சொல்லுவேன்.” முட்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “அது அவன் நல்ல பந்து இல்லீங்க. அன்னிலேருந்து அவன்கிட்ட கேக்கணும்னு இருக்கேன், கேக்க முடியல. உங்ககிட்ட என்ன சொன்னான்?”

அறையின் மறுபக்கம் வெர்ன் யாருடனோ பேசுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்க்கிறார்.

என் வாயில் உருளைக்கிழங்கு இருக்கிறது. அதை மென்று விழுங்கும்வரைதான் நேரம். நீங்கள் இவ்வளவு தூரம் கேட்டவர். நான் லானிக்கு என்ன சொல்லட்டும்?