கம்பளியில் காலியாக இருந்த இடம்

மிச்சிகன் வடகாட்டு முகாமில் வெர்னா பண்டமாற்றுக்குத் தன் கம்பளியை விரித்தாள். அதில் இருந்தது மூன்றே பொருள்: தேன்மெழுகு, வாத்து இறகு, பிர்ச் மரத்திலிருந்து பெயர்த்த கறுப்புக் காளான்.

எதிரே ஆரினின் கம்பளியில் கிடந்த மேப்பிள் பலகைமேல்தான் அவள் கண். உள்ளுக்குள் அலை ஓடுவதுபோல் வரி வரியான மரம். அவள் கணவர் டெல்பர்ட், குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றுக்குக் குழலும் விசையும் செய்து வைத்துவிட்டு, மாசி மாதப் பனியில் கண்ணை மூடிவிட்டார். குழலைத் தாங்கும் மரக்கட்டை மட்டும்தான் பாக்கி. அதைத் தானே செதுக்கி முடித்து, ஒருமுறையாவது வெடித்துவிட வேண்டும் என்பது அவள் வைராக்கியம்.

பழங்கால வேட்டைக்காரர்களைப் போல வாழ்ந்து பார்க்கிறவர்களின் முகாம் அது; காசு செல்லாது. தீப்பெட்டிக்கும் இடமில்லை.

"பலகைக்கு என்ன கேக்கறீங்க, ஆரின்?"

"முழு பீவர் தோல். இந்த அழுகின கட்டி வேணாம்மா. டெல்பர்ட் இருந்தா நல்ல சரக்காக் கொண்டாந்திருப்பான்."

பக்கத்துக் கூடாரங்களில் சிரிப்பு எழுந்தது. வெர்னா காளானை எண்ணெய்த் தோலில் சுற்றி மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

மத்தியானம் மழை பிடித்தது. சாயங்காலம் ஓய்ந்தபோது முகாமில் ஒரு அடுப்புகூட எரியவில்லை. தீப்பொறி பிடிக்கும் கரித்துணியை எல்லோரும் டப்பாவில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் காலையில் ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமையடித்ததில் ஒருவர்கூட மூடியைச் சரியாக மூடவில்லை; துணியெல்லாம் நனைந்துவிட்டது. சிக்கிமுக்கிக் கல்லை உரசி உரசி விரல் வீங்கியதுதான் மிச்சம்.

வெர்னா காளானில் ஒரு துண்டைக் கிள்ளிக் கல்லின்மேல் வைத்து எஃகால் தட்டினாள். மூன்றாம் தட்டில் பொறி ஒட்டிக்கொண்டது. உலர்ந்த பிர்ச் பட்டையில் வைத்து ஊதினாள். குப்பென்று பற்றியது.

"ஏய், வெர்னா மூட்டிட்டாடா!"

முதலில் மூட்டியவரிடம்தான் தணல் வாங்க வேண்டும், வாங்குகிறவர் அவர் கம்பளியில் ஏதாவது வைக்க வேண்டும். இது முகாமின் பழக்கம். வரிசை கட்டி வந்தார்கள். மான்தோல் வந்தது, கரடி நெய் வந்தது, மாட்டுக்கொம்பு வந்தது, சிக்கிமுக்கிக் கல் குவிந்தது. தடித்த ரூபன் பீவர் தோலையே கொண்டுவந்து போட்டான்.

கடைசியாக ஆரின், காபிப் பாத்திரத்தோடு.

"ஒரு தணல் கொடும்மா. இந்தா, கை நிறையக் கல்லு."

"கல்லு குமிஞ்சு கிடக்குது, ஆரின். கம்பளில காலி இடம் ஒண்ணுதான் இருக்கு. பாருங்க, நீளமா, ஒல்லியா."

ரூபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யோவ், பலகைக்குன்னே அளந்து விட்டிருக்காய்யா!"

"அதுக்கு பீவர் தோல்னு சொன்னேனே," ஆரின் முனகினான்.

வெர்னா குனிந்து ரூபன் தந்த பீவர் தோலை எடுத்து ஆரினின் தோளில் போட்டாள். "நீங்க கேட்டதை எடுத்துக்கங்க. தணல் சும்மாத்தான். போய்க் காபியைப் போடுங்க."

ஆரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தக் காலி இடத்தில் அவனே வைத்தான். விரல் அகலம்கூட மிச்சமில்லை.

அடுத்த கோடையில், அந்தப் பலகையில் கட்டை செதுக்கிய துப்பாக்கியின் சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. வெர்னாவின் கன்னமெல்லாம் மருந்துப் புகை. அவள் அதைத் துடைக்கவில்லை.